முடங்கிய வாழ்த்து அட்டையும் மண் பூச்சாடியும்

பிப்ரவரி 14-ஆம் தேதி நெருங்கினால் பூக்கடை வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு நல்ல காலம். ஓசூர் ரோஜாவின் விலை அந்த ஒரு வாரத்தில் எப்படி ஏறுகிறது என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். பேப்பர், ஸ்டேஷனரி, பேன்ஸி சரக்கு விற்கும் நமக்கு அந்த நாளில் என்ன இருக்கிறது? ஒரு காலத்தில் வாழ்த்து அட்டை இருந்தது. 1999-இல் ‘காதலர் தினம்’ திரைப்படம் வந்தபின் அந்தப் பெயர் கிராமம் வரை போயிற்று. பள்ளிக்கூடத்து வாசலில் இருக்கும் பெட்டிக்கடை கூட அட்டை கேட்டது. பிறகு கைபேசி வந்தது, அட்டை நின்றது. எங்கள் கிடங்கில் கட்டுப் பிரிக்காத அட்டைகள் பல வருடம் கிடந்தன. எடைக்குப் போட மனம் வரவில்லை.

அந்த அட்டைகளுக்கு ஒரு வழி கிடைத்ததைத்தான் இங்கு எழுதுகிறோம். அச்சிட்ட படத்தைக் கத்தரித்துச் சாடியின் மேல் ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்து, கையால் எழுதிய ஓவியம் போல ஆக்குவது. இதற்கு ‘டெகூபாஜ்’ என்று பெயர். கத்தரித்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் சீனா, ஜப்பான் நாடுகளின் அரக்குப் பூச்சுச் சாமான்களுக்கு ஐரோப்பாவில் பெரும் கிராக்கி. அவற்றை வாங்க வசதியில்லாதவர்களுக்காக வெனிஸ் நகரத்துக் கைவினைஞர்கள் அச்சுப் படத்தை ஒட்டிப் பல கோட் வார்னிஷ் பூசி விற்றார்கள். ஏழைகளின் அரக்கு வேலை என்றே அதற்குப் பெயர். சரக்கு விலை ஏறும்போது மாற்றுச் சரக்குக்கு வழி தேடுவது எந்த ஊர் வியாபாரிக்கும் பொதுவானதுதான் போலும்.

நமக்கும் இது புதிதல்ல. 1894-இல் மும்பையில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படங்களை வாங்கி, புடவைப் பகுதியில் துணியும் சரிகையும் சமிக்கியும் ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்ட வீடுகள் செட்டிநாட்டில் இன்றும் உண்டு. நம் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் கொலு பொம்மைக்குக் காகிதக் கூழ் சேர்த்து, வெள்ளைப் பூச்சு கொடுத்து, காய்ந்தபின் வர்ணம் தீட்டுகிறார்கள். காகிதம், பசை, பூச்சு, பொறுமையாகக் காயவைத்தல் ஆகிய நான்கும்தான் இங்கும் வேலை செய்கின்றன.

செய்முறையைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருந்தால்தான் சாமான் விற்கும். மண் சாடியானால் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி தட்டி, வெள்ளை பிரைமர் ஒரு கோட் அடிக்க வேண்டும். பிரைமர் இல்லாவிட்டால் மண் நிறம் படத்தின் வழியே தெரியும். கண்ணாடிச் சாடிக்கு விரல் எண்ணெய் போகும்படி ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து சாடியின் மேலும் படத்தின் பின்புறமும் தடவி, நடுவிலிருந்து ஓரத்திற்கு விரலால் நீவிக் காற்றை வெளியேற்ற வேண்டும். சாடி வளைவானது, காகிதம் தட்டையானது. அதனால் பெரிய படம் மடிப்பு விழும். ஓரத்தில் கால் அங்குலத்திற்குச் சிறு வெட்டுகள் கொடுத்தாலோ, படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினாலோ படியும். ஒரு நாள் காய்ந்தபின் தண்ணீரில் கலக்கும் வார்னிஷ் மூன்று கோட். விரலால் தடவும்போது படத்தின் ஓரம் தட்டுப்பட்டால் இன்னும் ஒரு கோட் தேவை என்று அர்த்தம். எண்ணெய் வார்னிஷ் நாளாவட்டத்தில் மஞ்சளாகும், கொடுக்க வேண்டாம்.

வாழ்த்து அட்டை தடிமனாயிற்றே என்பீர்கள். படத்தின் மேல் ஒரு கை பசை பூசிக் காயவிட்டு, பின்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து விரலால் உருட்டி எடுத்தால் மெலிந்துவிடும். லாமினேஷன் போட்ட அட்டைக்கு இது சரிப்படாது. பூப்போட்ட டிஷ்யூ நாப்கின் வாங்கினால் அடுக்குகளைப் பிரித்து அச்சு உள்ள மேல் அடுக்கை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சிலர் தங்கள் போட்டோவை ஒட்டக் கேட்பார்கள். இங்க்ஜெட் பிரிண்ட் பசை பட்டதும் சாயம் கரையும். மெல்லிய தாளில் லேசர் பிரிண்ட் எடுத்துவரச் சொல்வது நல்லது. பழைய காலண்டர்களிலும் அழகான பூ, மயில், தோரணம் உண்டு. ஆனால் சாமி படத்தில் கத்தரிக்கோல் வைக்க நம் வாடிக்கையாளர்கள் ஒப்பமாட்டார்கள், நாமும் ஒப்ப வேண்டியதில்லை.

இனி எங்கள் அனுபவம். உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலத்தில் எங்களிடம் வெகுநாளாகச் சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரர் ஒருவர். முதல் தடவை ஒட்டி முடித்த 6 மண் சாடிகளை அவருக்குக் கொடுத்தோம். மூன்றாம் நாள் ஆறும் திரும்பி வந்தன. “ஐயா, வாங்கிப் போனவங்க தண்ணி ஊத்தி ரோஜா வெச்சாங்க. காலையில பார்த்தா படம் எல்லாம் உப்பிக்கிட்டு நிக்குது. கல்யாணமாகி முதல் வருசம், பொண்டாட்டிக்குக் கொடுத்த பொருளுங்க, கடைக்கு வந்து சத்தம் போடறாங்க” என்றார். சுடுமண்ணில் நீர் கசியும், அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. தலைமுறையாக மண்பானைத் தண்ணீர் குடித்த நாங்களே இதை யோசிக்காமல் விட்டோம். உள்ளிருந்து கசிந்த ஈரம் பசையை இளக்கிவிட்டது. வெளியே எத்தனை கோட் வார்னிஷ் அடித்தும் பயனில்லை. ஆறுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பணம் பெரிதில்லை, அந்தக் கடைக்காரர் தன் ஊரில் தலைகுனிந்து நின்றதுதான் எங்களுக்கு உறுத்தியது.

அதன்பின் மண் சாடி ஒவ்வொன்றுக்கும் உள்ளே அடங்கும்படி ஒரு கண்ணாடி டம்ளர் சேர்த்தே கொடுக்கிறோம். தண்ணீர் டம்ளரில், சாடி காய்ந்தே இருக்கும். காகிதப் பூ, உலர்பூ வைப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். கழுவக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க மட்டும் செய்யலாம் என்று சீட்டு எழுதி உள்ளே போடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், ஈரக்காற்றில் பசை காயவே காயாது. தை மாதத்து வெயில் இதற்கு நன்று.

காதலர் தினத்துக்குச் சரக்கு வைக்கலாமா என்று நம்மில் மூத்தவர்கள் சிலர் தயங்குகிறார்கள். மாசியில் காமனுக்குப் பண்டிகை எடுக்கும் ஊர்கள் நம்மிடமே உண்டு. ஆகவே எங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. எங்கள் தயக்கம் வேறு. ஒரு வருடம் வடக்கேயிருந்து இதயம் வரைந்து ‘பிப்ரவரி 14’ என்று பொறித்த பீங்கான் சாடிகளைக் கொள்முதல் செய்தோம். 15-ஆம் தேதி காலையில் அவற்றை விசாரிக்க ஆளில்லை. ஆகவே தேதி போடாதீர்கள். பூவும் கிளி ஜோடியும் ஒட்டிய சாடி 14-ஆம் தேதி போகும். மீதியானது மாசி முகூர்த்தத்தில் கல்யாணப் பரிசாகப் போகும்.

முடித்த சாடியை விட, பிரைமர் அடித்த சாடி, கத்தரித்த படங்கள் ஒரு உறை, சிறு டப்பாப் பசை, பிரஷ், வார்னிஷ், டம்ளர் எல்லாம் சேர்த்த செட்டுக்குக் கேட்பு அதிகம். தாமே செய்து கொடுப்பதில்தான் வாங்குகிறவர்களுக்கு ஆசை. காவாந்தண்டலத்துக் கடைக்காரர் இப்போது செட்டாகத்தான் எடுக்கிறார். எடுக்கும்போது ஒவ்வொரு பெட்டியையும் திறந்து டம்ளர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பில் போடச் சொல்கிறார்.