முகப்பு மட்டும் நிலையம் ஆகுமா?

காரவள்ளிக்கு இரயில் இல்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கும் பாதை சமவெளியைத் தொடும் இடம் அது. மலைமக்கள் விளைவித்த மிளகும், காப்பிக் கொட்டையும், பலாவும், அன்னாசியும், வாழைத்தாரும் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன. இறங்கிய சுமை சேந்தமங்கலம் வழியே நாமக்கல் போகிறது. நாமக்கல்லில் இரயில் நிலையம் இருக்கிறது. இருந்தும், மலைச்சரக்கு லாரியைத்தான் நம்பி நிற்கிறது. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால், இரயில் நிலையம் என்பது என்ன என்பதை நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாமக்கல் வட்டாரத்து மக்கள் இரயிலுக்காக நெடுங்காலம் காத்திருந்தவர்கள். லாரிக்குக் கூடு கட்டுவதில் நாடெங்கும் பெயரெடுத்த ஊர். கோடிக்கணக்கில் முட்டை அனுப்பும் ஊர். அந்த ஊருக்குப் பயணிகள் வண்டி வந்தது 2013 மே மாதத்தில்தான்! சேலத்திலிருந்து இராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் காவிரியைக் கடந்து கரூரைச் சேரும் 85 கிலோமீட்டர் அகலப்பாதை அது. வந்ததை வரவேற்கிறோம். வந்தது யாருக்கெல்லாம் பயன்படுகிறது என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

“எங்கள் ஊருக்கு ஸ்டேஷன் வேண்டும்” என்று மனுக் கொடுக்கிறோம். எந்த வகை ஸ்டேஷன் என்று கேட்டால் விழிக்கிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

வண்டி நின்று ஆளை ஏற்றி இறக்கிவிட்டுப் போகும் இடம் ‘ஹால்ட்’. அங்கே ஒரு மேடையும் ஒரு டிக்கெட் ஜன்னலும் போதும். சரக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வரும் இரு வண்டிகளில் ஒன்று ஒதுங்கி மற்றொன்றுக்கு வழிவிடும் இடம் ‘கிராசிங்’ நிலையம். ஒதுங்குவதற்கு அங்கே கிளைப்பாதை வேண்டும். அதை ‘லூப்’ என்பார்கள். ஒரு முழுச் சரக்கு வண்டி அதற்குள் அடங்க வேண்டும். அகலப்பாதையில் அந்த லூப்புக்கு 686 மீட்டர் என்பது நெடுநாளைய அளவு. பாதைகள் பிரியும் இடம் சந்திப்பு. பாதை முடியும் இடம் முனையம். சேலமும் கரூரும் சந்திப்புகள். 1856இல் தென்னாட்டின் முதல் வண்டி புறப்பட்ட இராயபுரம் அந்நாளைய முனையம்.

இவை பயணி கண்ணில் படும் வகைகள். பயணி கண்ணில் படாதது யார்டு. தண்டவாளங்கள் கிளை கிளையாகப் பிரிந்து கிடக்குமே, பெட்டிகளை நிறுத்தவும், மாற்றவும், சரக்கை ஏற்றவும் இறக்கவும், அதுதான் யார்டு. நிலையத்துக்கு முகப்பு முகம் என்றால், யார்டுதான் வயிறு. முகத்துக்குப் பவுடர் பூசிவிட்டு வயிற்றைப் பட்டினி போடுவது எந்த ஊர் நியாயம்?

யார்டு எங்கே அமைய வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. நிலம் சமமாக இருக்க வேண்டும். 400 அடிக்கு 1 அடி என்பதைவிடச் செங்குத்தான சரிவு யார்டில் கூடாது என்பது இரயில்வேயின் விதி. காரணம், எஞ்சின் கழற்றப்பட்ட பெட்டி சரிவில் தானே உருண்டோடிவிடும், உயிரைக் குடித்துவிடும். மலைமீது இரயில் ஏற்றுவது எவ்வளவு அரிது என்பதும் இதிலிருந்தே விளங்கும். நீலகிரியில் ஏற்றினார்கள். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் உதகை வரைக்கும் போயிற்று. பல்சக்கரம் பூட்டி, பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் பாதை அது. கொல்லிமலைக்கும் அதுபோல வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நாம் பார்க்கச் சொல்லுவது உதகையை அல்ல, மேட்டுப்பாளையத்தை!

1873இலேயே அகலப்பாதை மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிட்டது. மலைச்சரக்கு இறங்குவதற்கும், சமவெளிச் சரக்கு ஏறுவதற்கும் அடிவாரத்தில் ஓர் இடம் இருந்ததால், அங்கே மண்டிகள் வளர்ந்தன. உருளைக்கிழங்கு வாணிபம் வளர்ந்தது. ஆயிரம் பேருக்கு வேலை வந்தது. காரவள்ளியும் அடிவாரம்தான். ஆனால் அங்கே இறங்கும் சுமை, வழியிலுள்ள இரயிலை எட்டிப் பார்த்துவிட்டு அப்பால் போய்விடுகிறது.

ஏன் என்பதற்கு இப்போது விடை சொல்லுகிறோம்.

முன்பெல்லாம் ஒரு வியாபாரி ஒரே ஒரு வாகனில் சரக்கை ஏற்றி அனுப்பலாம். பல ஊர் வாகன்களை ஓரிடத்தில் சேர்த்து, போகுமிடம் வாரியாகப் பிரித்து, புதிய வண்டிகளாகக் கோத்து அனுப்புவார்கள். அதற்கென்றே இருந்தவை மார்ஷலிங் யார்டுகள். வடக்கே முகல்சராய், நம் பக்கத்தில் தண்டையார்பேட்டை. சில யார்டுகளில் மேடு ஒன்று கட்டி, எஞ்சின் வாகன்களை அதன் உச்சிக்குத் தள்ளும். கழற்றிவிட்ட வாகன் தன் எடையாலேயே உருண்டு தனக்குரிய தண்டவாளத்தில் போய் நிற்கும். 1980களுக்குப் பிறகு இந்த முறை ஒடுங்கிற்று. புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை முழு வண்டியாகப் போவதே சிக்கனம் என்றார்கள். வண்டிகள் விரைந்தன என்பது உண்மை. ஆனால் நாற்பதுக்கு மேற்பட்ட வாகன்களை, அதாவது இரண்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கை, ஒரே நாளில் யார் திரட்டுவார்? பெரிய முதலாளி திரட்டுவார். கோழித் தீவனத்துக்கு வடநாட்டு மக்காச்சோளம் நாமக்கல்லுக்கு வருவது அப்படித்தான். கால் ஏக்கரில் மிளகுக்கொடி வளர்த்தவர் திரட்டுவாரா?

அந்த மக்காச்சோளத்தை இறக்கும் தோழர்களையும் நினைத்துப் பார்ப்போம். குறித்த மணிநேரத்துக்குள் வாகன் காலியாக வேண்டும். தவறினால் ‘டெமரேஜ்’ என்னும் தாமதக் கட்டணம் ஓடும். எனவே வெயிலும் பார்ப்பதில்லை, இரவும் பார்ப்பதில்லை. வாகனின் தளத்துக்குச் சமமாக மேடை இருந்தால் மூட்டை தோளிலிருந்து தோளுக்குப் போகும். இல்லையென்றால் முதுகெலும்புதான் மேடை! மேலே கூரை, குடிக்க நீர், ஓய்வுக்கு ஒரு கொட்டகை, கழிப்பிடம், லாரி திரும்ப அகலமான சாலை, இவையெல்லாம் யார்டின் வரைபடத்திலேயே இருக்க வேண்டியவை. பிறகு போட்டுத்தரும் பிச்சை அல்ல.

அம்ரித் பாரத் திட்டத்தின் பட்டியலில் நாமக்கல் நிலையமும் இடம்பெற்றிருக்கிறது. முகப்பு அழகாகட்டும்; காத்திருக்கும் தாய்மாருக்கு நிழலும் இருக்கையும் கிடைக்கட்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. அழகுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு சுமைக்கும் வேண்டும் என்கிறோம்.

“பலாப்பழத்துக்காக ஒரு வண்டி விடமுடியுமா?” என்று கேலி பேசுவோர் உண்டு. முழு வண்டி யார் கேட்டார்? ஒரு பார்சல் வாகனில் 23 டன் ஏறும். விரைவு வண்டியின் கார்டு பெட்டியில் இருக்கும் ஒரு சரக்கறையிலேயே சுமார் 4 டன் ஏறும். 2020 ஆகஸ்டில் தேவ்லாலியிலிருந்து தானாபூருக்குப் புறப்பட்ட முதல் ‘கிசான் ரயி’லில் சிறு மூட்டைக்கும் இடம் கொடுத்தார்களே! அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நாம் கேட்பவை மூன்று. காரவள்ளியில் எடைபோட்டு, தரம் பிரித்து, சரக்கைச் சேர்த்து வைக்க ஒரு கிடங்கு; அதை மலைமக்களின் கூட்டுறவே நடத்தட்டும். நாமக்கல் யார்டில் பார்சல் வாகனை முன்கூட்டியே நிறுத்தி நிதானமாக ஏற்ற ஒரு தனிக் கிளைப்பாதை. வண்டி நிற்கும் ஓரிரு நிமிடத்தில் டன் கணக்கில் ஏற்ற எந்த மனிதனாலும் ஆகாது. மூன்றாவது, சுமைதூக்கும் தோழருக்குரிய வசதிகள், வரைபடத்திலேயே.

கிளைத் தோழர்கள் இனி மனு எழுதும்போது “ஸ்டேஷன் வேண்டும்” என்று மட்டும் எழுதவேண்டாம். லூப் எத்தனை, சரக்கு மேடை எங்கே, சாலை எந்தப் பக்கம், கூரை உண்டா என்று கேட்டு எழுதுங்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சிமெண்டு இறுகிய பிறகு எழுப்பும் குரலைவிட, வரைபடம் மேசைமீது இருக்கும்போது எழுப்பும் குரலுக்கு வலிமை அதிகம்.