சுகம் வராவிட்டால் யார் குற்றம்? 'மருந்து வேண்டாம், விசுவாசம் போதும்' போதனையை கேள்வி கேட்கும் முன்னாள் விசுவாசிகள்

காரைக்கால்:-

காரைக்கால் பகுதி மக்களுக்கு நம்பிக்கை புதுசு இல்லை. சனிக்கிழமை ஆனால் திருநள்ளாறு நளன் தீர்த்தத்தில் முழுக்குப் போட கூட்டம் அலைமோதும். ஊருக்குள்ளே மஸ்தான் சாகிப் தர்கா. கொஞ்சம் தெற்கே போனால் நாகூர், இன்னும் தள்ளிப் போனால் வேளாங்கண்ணி. உடம்புக்கு முடியாதவர்கள் மூன்று மதத்து வாசலையும் மிதிப்பது இந்தக் கடற்கரையில் சாதாரணம். அப்படி வருகிறவர்கள் பலரது பையில் ஆஸ்பத்திரி சீட்டும் இருக்கும். மொட்டை போடுவார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், ராத்திரி சாப்பிட்ட பிறகு மாத்திரையும் போடுவார்கள். யாரும் அதை தப்பு என்று சொல்வதில்லை.

'மாத்திரை போட்டால் உனக்கு விசுவாசம் இல்லை என்று அர்த்தம்' என்று சொல்லும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு போதனைக்கு பெயர் போனது தி பெந்தெகொஸ்தே மிஷன் என்ற சபை. சுருக்கமாக டி.பி.எம். அதில் இருந்து விலகியவர்கள் சில வருடங்களாக வெளிப்படையாகவே கேள்வி கேட்டு வருகிறார்கள். அவர்களில் பலர் இன்றும் ஜெபம் செய்கிறவர்கள்தான். கடவுள் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் கேட்பது வேறு.

சிலோனில் தொடங்கிய சபை

பழைய ஆட்கள் இன்னும் 'சிலோன் பெந்தெகொஸ்தே' என்றுதான் சொல்வார்கள். 1920-களில் இலங்கையில் தொடங்கியது. தொடங்கியவர் பாஸ்டர் பால். கேரளாவில் இந்து குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் ராமன்குட்டி. சின்ன வயதிலேயே பிழைப்பு தேடி இலங்கைக்கு போனவர். அங்கே கிறிஸ்தவர் ஆனார். 1945-ல் இறந்தார். பின்னாளில் சபையின் பெயரில் இருந்து 'சிலோன்' நீங்கியது. இப்போது தலைமையகம் சென்னை தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் இருக்கிறது. அங்கே நடக்கும் கன்வென்ஷனுக்கு வெளிநாடுகளில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

இந்த சபையின் ஊழியர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், கல்யாணம் செய்து கொள்வதில்லை. வெள்ளை உடைதான். சம்பளம் கிடையாது. சொத்து சுகத்தை விட்டுவிட்டு 'விசுவாச வீடு' என்ற இடத்தில் கூட்டாக வாழ்கிறார்கள். சாதாரண விசுவாசிகள் வேலைக்கு போவார்கள், குடும்பம் நடத்துவார்கள். நகை மட்டும் போட மாட்டார்கள். இந்த எளிமையை விலகியவர்கள் கூட குறை சொல்வதில்லை.

'தெய்வீக சுகம்' என்பது சபையின் முக்கிய போதனைகளில் ஒன்று. நோய் வந்தால் ஊழியர் எண்ணெய் பூசி ஜெபிப்பார். டாக்டர், ஊசி, மாத்திரை வேண்டாம். ஊழியர்கள் இதை கண்டிப்பாக கடைப்பிடிக்கிறார்கள். விசுவாசிகளை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, அது அவரவர் விசுவாசம் என்பது சபையில் தொடர்பவர்கள் சொல்லும் பதில்.

கட்டாயம் இல்லை, சரி. ஆனால் மருந்து சாப்பிடாதவனை பெரிய விசுவாசி என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில், ஒருத்தன் மட்டும் எப்படி தைரியமாக மெடிக்கல் ஷாப்புக்கு போவான் என்று விலகியவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்.

ஒரே பைபிள், ரெண்டு பக்கம்

ரெண்டு தரப்பும் எடுப்பது ஒரே புத்தகத்தைத்தான். மருந்து வேண்டாம் என்பவர்கள் ஏசாயா 53-ம் அதிகாரத்தை காட்டுவார்கள். இயேசு பட்ட தழும்புகளாலே குணம் என்று அங்கே வருகிறது. யாத்திராகமம் 15-ல் கடவுள் தன்னையே பரிகாரி என்கிறார். யாக்கோபு 5-ல் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. ஆசா என்ற ராஜா காலில் நோய் வந்தபோது கடவுளைத் தேடாமல் வைத்தியரைத் தேடினான், செத்தான் என்று 2 நாளாகமம் 16-ல் இருப்பதும் அடிக்கடி எடுக்கப்படும் வசனம்.

எதிர்த்தரப்பு பட்டியலும் சின்னது இல்லை. எசேக்கியா ராஜாவின் கட்டிக்கு அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னதே ஏசாயா தீர்க்கதரிசிதான் (ஏசாயா 38). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. பவுல் அவருக்கு சொன்னது கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று. பவுல் தன் கூட்டாளி துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டு போனார். லூக்கா சுவிசேஷத்தை எழுதியதாக சொல்லப்படும் லூக்காவே வைத்தியர். வைத்தியர் தேவைப்படுவது நோயாளிக்குத்தான் என்று இயேசுவே சொன்னதாக மத்தேயு 9-ல் இருக்கிறது.

வசன சண்டையில் யார் ஜெயிப்பார்கள் என்பது இங்கே விஷயம் இல்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை மருந்தை தடுப்பதும் இல்லை. அங்கேயும் எண்ணெய் பூசுவார்கள், ஜெபிப்பார்கள். அப்புறம் ஸ்கேன் எடுக்க அனுப்புவார்கள்.

யார் கணக்கில் எழுதுவது?

விலகியவர்கள் முன்வைக்கும் கேள்வியின் கூர்மை இதில்தான். ஜெபித்தார்கள், சுகம் ஆச்சு. அது விசுவாசத்தின் வெற்றி. ஜெபித்தார்கள், சுகம் ஆகவில்லை. அப்போது என்ன சொல்கிறார்கள்? உனக்கு அவிசுவாசம். வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது. அறிக்கை செய். ஆள் இறந்தே போனால்? கடவுளுக்கு பிரியம், அழைத்துக் கொண்டார்.

மூன்றில் எது நடந்தாலும் போதனை தப்பு என்று வரவே வராது. தோற்றால் பழி நோயாளி தலையில். வலியோடு படுத்திருப்பவன், அந்த வலிக்கு தானே காரணம் என்ற பாரத்தையும் சேர்த்து சுமக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு காய்ச்சல் இறங்கவில்லை என்றால் தாய்க்குத்தான் அந்த பாரம். சபையை விட்டு வெளியே வந்து பல வருஷம் ஆன பிறகும், ஒரு தலைவலி மாத்திரை போடும்போது கை கூசுகிறது என்பது விலகியவர்கள் பலர் சொல்லும் அனுபவம்.

இன்னொரு கேள்வி சாட்சி பற்றியது. சபைகளில் சுகம் பெற்றவர் எழுந்து நின்று சாட்சி சொல்வார். கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செரியும். ஆனால் எழுந்து நிற்பது பிழைத்தவர்கள் மட்டும்தானே. செத்தவர் வந்து சாட்சி சொல்ல முடியாது. தானாகவே ஆறும் நோய்களும் நிறைய உண்டு. சாதாரண ஜலதோஷம், வயிற்றுப்போக்கு, பல முதுகுவலிகள் மருந்து இல்லாமலே சரியாகிவிடும். அதையும் சேர்த்து எண்ணினால் சாட்சிகளுக்கு பஞ்சமே இருக்காது.

நம்பிக்கை என்ன செய்யும், என்ன செய்யாது?

நம்பிக்கைக்கு சக்தியே இல்லை என்று டாக்டர்களும் சொல்வதில்லை. வெறும் சர்க்கரை மாத்திரையை மருந்து என்று நம்பி சாப்பிட்டவருக்கு வலி குறைவது உண்மை. குமட்டல் குறையும், தூக்கம் வரும். அது எங்கே நிற்கிறது என்பதை காட்டிய ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவில் 2011-ல் வெளியானது. ஆஸ்துமா நோயாளிகள் 39 பேர். ஒரு தடவை உண்மையான இன்ஹேலர், ஒரு தடவை மருந்து இல்லாத போலி இன்ஹேலர், ஒரு தடவை போலி ஊசி வைத்தியம், ஒரு தடவை ஒன்றுமே இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டபோது உண்மை மருந்துக்கு 50 சதவீத முன்னேற்றம் சொன்னார்கள். போலி இரண்டுக்கும் 45, 46 சதவீதம். ஒன்றுமே இல்லாதபோது 21. கிட்டத்தட்ட போலியும் அசலும் ஒன்று போலத்தான் தெரிந்தது.

ஆனால் கருவியை வாயில் வைத்து ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தார்கள். உண்மை மருந்துக்கு 20 சதவீத முன்னேற்றம். மற்ற மூன்றுக்கும் சுமார் 7 மட்டுமே. மனசு தேறியது, மூச்சுக்குழாய் விரியவில்லை. ஆஸ்துமா முற்றும்போது ஆளைக் காப்பாற்றுவது மூச்சுக்குழாய்தான்.

நெல் வயல் பக்கம் பாம்பு கடித்தவருக்கும் இதே கதை. பிரஷர் இன்னும் மோசம். அது ஏறினாலும் பெரும்பாலும் தெரியாது. 'ஜெபித்தேன், நல்லா இருக்கேன்' என்று மாத்திரையை நிறுத்தியவர், பக்கவாதம் வரும் வரை நல்லாத்தான் இருப்பார். முதல் வகை சுகர் உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

ஜெபத்தையே சோதித்துப் பார்த்த ஆராய்ச்சியும் உண்டு. 2006-ல் முடிவு வந்தது. இதய பைபாஸ் ஆபரேஷன் செய்த 1,802 பேர். ஒரு பிரிவுக்கு அவர்களுக்கு தெரியாமல் பிறர் ஜெபித்தார்கள், இன்னொரு பிரிவுக்கு ஜெபிக்கவில்லை. ரெண்டிலும் பின்விளைவு 52, 51 சதவீதம் என்று கிட்டத்தட்ட சமம். உனக்காக ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் 59 சதவீதம். இத்தனை பேர் ஜெபிக்கிற அளவுக்கு நம்ம நிலைமை மோசமா என்ற பயம் கூட காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்தார்கள்.

வெளிநாட்டிலும் இதே கேள்வி

அமெரிக்காவில் 'கிறிஸ்டியன் சயின்ஸ்' என்ற பிரிவு 19-ம் நூற்றாண்டில் மேரி பேக்கர் எடி என்பவரால் தொடங்கப்பட்டது. நோய் என்பதே மனசின் பிழை என்பது அதன் போதனை. அதில் இருந்த ரீட்டா ஸ்வான் தம்பதியின் 16 மாத ஆண் குழந்தை 1977-ல் மூளைக்காய்ச்சல் வந்து இறந்தது. ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. தம்பதி அந்த அமைப்பை விட்டு வெளியே வந்தனர். பிறகு ரீட்டா, டாக்டர் சேத் ஆஸர் என்பவருடன் சேர்ந்து, மத நம்பிக்கையால் சிகிச்சை தரப்படாமல் 1975 முதல் 1995 வரை அமெரிக்காவில் இறந்த 172 குழந்தைகளின் விவரங்களை திரட்டினார். 1998-ல் அது வெளியானது. அதில் 140 குழந்தைகளுக்கு வந்தவை, சிகிச்சை கொடுத்தால் 90 சதவீதத்துக்கு மேல் பிழைக்கக்கூடிய நோய்கள்.

கென்னத் ஹேகின் பரப்பிய 'விசுவாச வார்த்தை' போதனை வேறு வகை. வாயால் அறிக்கை செய்தால் சுகமும் வரும், பணமும் வரும் என்பது அது. 2005 ஜனவரியில் பெங்களூரில் பெரும் கூட்டமும் எதிர்ப்பும் கண்ட பென்னி ஹின் அந்த வழியில் வந்தவர். அவருடைய தம்பி மகன் காஸ்டி ஹின், பெரியப்பாவோடு ஊழியம் செய்துவிட்டு விலகி, 2019-ல் அந்த போதனையை எதிர்த்து புத்தகமே எழுதினார்.

சட்டம் சொல்வது

வயது வந்த, சுயநினைவோடு இருக்கும் ஒருவர் எனக்கு சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் கொடுத்த தீர்ப்பும் இதை ஏற்கிறது. பிள்ளைகள் விஷயம் அப்படி இல்லை. 2015-ம் ஆண்டு சிறார் நீதி சட்டத்தின் 75-வது பிரிவுப்படி, பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு துன்பத்துக்கு ஆளாக்கினால் 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். புற்றுநோய், சர்க்கரை நோய், வலிப்பு உள்ளிட்ட நோய்களை மந்திரத்தால், தாயத்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை தடுக்க 1954-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது விளம்பரத்துக்கு மட்டும். நாலு சுவருக்குள் நடக்கும் போதனைக்கு அது போகாது.

ஏர்வாடியில் நடந்தது

ஒரு மதத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயம் ஆகாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை தீ. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை தங்கவைத்திருந்த தனியார் கொட்டகை அது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்களோடு மொத்தம் 28 பேர் உயிர் போனது. சங்கிலியில் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநல சட்டம் தடை செய்துவிட்டது.

அதே ஏர்வாடிக்கு பின்னர் இன்னொரு திட்டம் வந்தது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் முதலில் செய்து பார்த்த 'மருந்தும் துவாவும்' திட்டம். துவா ஓத வருபவர்களை யாரும் விரட்டுவதில்லை. ஓதி முடித்தவர்களை மனநல டாக்டரிடம் அனுப்புகிறார்கள், மாத்திரை இலவசமாக கொடுக்கிறார்கள். டி.பி.எம்-ல் இருந்து விலகியவர்கள் தங்கள் பழைய சபையிடம் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். எண்ணெய் பூசுங்கள், ஜெபியுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு போகிறவனை கோழை மாதிரி பார்க்காதீர்கள் என்கிறார்கள்.