பிள்ளைகளில் கொரோனா: ஒரு மாதம் கழித்து வரும் காய்ச்சல்

கொரோனா வைரஸ் சிறு பிள்ளைகளை ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் நம்மவர்களிடையே பரவலாக உண்டு. இதில் பெருமளவு உண்மையும் இருக்கிறது. 2020 பெப்ரவரியில் சீனாவில் வெளியான முதலாவது பெரிய கணக்கெடுப்பில், உறுதிப்படுத்தப்பட்ட 44,672 நோயாளரில் பத்து வயதுக்குக் குறைந்தவர்கள் ஏறத்தாழ 1 சதவீதமே. ஆனால் இந்த எண்ணத்தினால் பெற்றோர் கவனிக்கத் தவறக்கூடிய சில விடயங்கள் உள்ளன.

முதலில் சாதாரணமாகக் காணப்படும் அறிகுறிகளைப் பார்ப்போம். காய்ச்சல், இருமல், மூக்கால் வடிதல், தொண்டை நோ, உடல் அலுப்பு என்பன மற்றைய தடிமன் காய்ச்சலைப் போலவே இருக்கும். சில பிள்ளைகளுக்கு இருமலே இல்லாமல் சத்தியும் வயிற்றோட்டமும் மட்டும் வரும். 2021 இறுதியில் ஒமிக்ரோன் பரவிய பின்னர், சிறு குழந்தைகளில் நாய் குரைப்பது போன்ற இருமலும், மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரவென்ற சத்தமும் கூடுதலாகக் காணப்பட்டன. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள்.

கைக்குழந்தைகள் விடயம் வேறு. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், காரணம் கொரோனாவோ வேறெதுவோ, அன்றே வைத்தியர் பார்க்க வேண்டும். பால் குடிக்க மறுப்பதும் நப்பி வழமையை விடக் காய்ந்திருப்பதும் கவனிக்க வேண்டியவை.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். 2020 ஏப்ரல் இறுதியில் பிரித்தானிய வைத்தியர்களுக்கு ஓர் அவசர அறிவித்தல் அனுப்பப்பட்டது. இலண்டனிலும் வேறு இடங்களிலும், அதுவரை சுகதேகியாக இருந்த பிள்ளைகள் கடும் காய்ச்சலுடனும் வயிற்று வலியுடனும் வந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். பலருக்கு இருமலோ மூச்சுத் திணறலோ இருக்கவில்லை. மூக்கில் எடுத்த பரிசோதனையில் வைரஸ் தென்படாத பிள்ளைகளின் இரத்தத்தில், முன்பு அது வந்து போனதற்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. இந்நோயை இங்கே பிம்ஸ் என்றும், அமெரிக்காவில் மிஸ்-சி என்றும் அழைக்கிறார்கள்.

இது வைரஸ் நேரடியாகச் செய்யும் சேதமல்ல. தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரங்களின் பின்னர், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிக் கிளர்ந்து இருதயம், குடல், தோல், இரத்தக் குழாய்கள் எனப் பல உறுப்புகளில் அழற்சியை உண்டாக்குகிறது. முதலில் வந்த தொற்று மிக இலேசாக இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாமலே போயிருக்கவும் கூடும். குறையாத காய்ச்சல், கடும் வயிற்று வலி, சத்தி, பீளை இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்த சிவந்த உதடுகள், வீங்கிய கை கால்கள், தோலில் பரு அல்லது தடிப்பு என்பன இதன் குறிகள். யப்பானிய வைத்தியர் தொமிசாகு கவசாகி 1967இல் விவரித்த கவசாகி நோயும் இதைப் போன்றதே. ஆனால் அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வரும். பிம்ஸ் கூடுதலாகப் பாடசாலை செல்லும் வயதினருக்கு வருகிறது.

வயிற்று வலி மிகக் கடுமையாக இருந்ததால் குடல்வால் அழற்சி என எண்ணிச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டு செல்லப்பட்ட பிள்ளைகளும் உண்டு. வைத்தியர்களுக்கே இப்படியென்றால், வீட்டில் நாம் ‘கண்டதையும் தின்றிருப்பான்’ என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு இருப்பதில் வியப்பில்லை.

இன்னொன்று நமது தோல் நிறம் பற்றியது. பிரித்தானியாவில் பிம்ஸ் கண்ட பிள்ளைகளில் கறுப்பின, ஆசிய இனப் பிள்ளைகள் சனத்தொகையில் தமக்குள்ள பங்கை விட அதிகமாக இருந்தனர். ஆனால் புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் தெரியும் சிவப்பையே காட்டுகின்றன. மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உட்பக்கம், நாக்கு ஆகியவற்றைப் பாருங்கள். உதடு நீலம் பாய்வதையும் அவ்வாறே பார்க்க வேண்டும். மூச்செடுக்கச் சிரமப்படுவது போலிருந்தால் சட்டையைக் கழற்றி, விலா எலும்புகளுக்கிடையே தசை உள்ளிழுபடுகிறதா என்று கவனியுங்கள். அப்படி இழுபட்டாலோ, உதடு நீலித்தாலோ, பிள்ளையை எழுப்புவது கடினமாக இருந்தாலோ 999ஐ அழையுங்கள்.

பிம்ஸ் அரிதானது, ஒமிக்ரோனுக்குப் பின்னர் மேலும் குறைந்துவிட்டது. இம்யூனோகுளோபுலின், ஸ்டீரொய்ட் மருந்துகளால் பெரும்பாலான பிள்ளைகள் குணமடைகிறார்கள். பலவீனமடைந்த இருதயமும் அநேகமாகச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் வழமைக்குத் திரும்புகிறது. நேரத்தோடு கண்டுபிடிப்பதே முக்கியம்.

வீட்டு வைத்தியத்தில் இரண்டு எச்சரிக்கைகள். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டிஸ்பிரின் போன்ற அஸ்பிரின் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கக் கூடாது. அது மூளையையும் ஈரலையும் தாக்கும் றேய் எனும் நோயை உண்டாக்கலாம். (வைத்தியசாலையில் இதே மருந்தைச் சில பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அது அவர்களின் கண்காணிப்பில்.) கொதிநீரில் ஆவி பிடிக்க வைக்கவும் வேண்டாம். 2020இல் இதனால் சுடுநீர் பட்டு பர்மிங்காம் சிறுவர் வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகள் வழமையை விடப் பல மடங்கு அதிகம்.

வைத்தியரிடம் போகும்போது, கடந்த ஆறு வாரத்துக்குள் வீட்டில் யாருக்காவது கொரோனாவோ தடிமன் காய்ச்சலோ வந்ததா என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. நோயுற்ற பிள்ளையின் அண்ணாவையோ அக்காவையோ மொழிபெயர்க்க விட வேண்டாம்.