படிக்கும் உரிமை, எழுதும் உரிமை: ராஸசுந்தரி தேவியின் நீண்ட காத்திருப்பு

படிப்பும் எழுத்தும் ஒன்றாகவே கற்பிக்கப்படும் இன்றைய பள்ளி வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனித் திறன்களாக இருந்தன என்பதும், தனித்தனியாகவே வழங்கப்பட்டன, மறுக்கப்பட்டன என்பதும் வியப்பளிக்கலாம். ஸ்வீடனில் 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், மக்கள் அனைவரும் சமய நூல்களைப் படிக்கக் கற்க வேண்டும் என்று வற்புறுத்தியதே அன்றி எழுதக் கற்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆகவே 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு உழவர் குடும்பங்களில் படிக்கத் தெரிந்தவர் பலராகவும் எழுதத் தெரிந்தவர் சிலராகவும் இருந்தனர். அமெரிக்காவின் தென் கரோலினாவிலோ, 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததையடுத்து 1740இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத்தான் முதலில் குற்றமாக்கியது. படிக்கக் கற்றுக்கொடுப்பதையும் தடுக்கும் சட்டம் 1834இல் வந்தது. எழுதத் தெரிந்த அடிமை, எசமானரின் பெயரில் பயண அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொண்டு தப்பிவிட முடியும் என்ற அச்சம் அக்காலத்தில் நிலவியது. படிப்பவர் பிறர் சொன்னதைப் பெற்றுக்கொள்கிறார், எழுதுபவரோ தமது சொல்லைத் தாம் செல்ல முடியாத இடத்துக்கும் அனுப்பிவைக்கிறார் என்பதை அந்த எசமானர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

சட்டம் எதுவும் இல்லாமலே, வழக்கம் ஒன்றினால் மட்டும் இதே தடை எவ்வாறு செயல்பட்டது என்பதை அறிய 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தைச் சேர்ந்த ராஸசுந்தரி தேவியின் வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இன்றைய வங்கதேசத்தில் உள்ள, பாப்னா பகுதியைச் சேர்ந்த போத்தாஜியா என்னும் சிற்றூரில் 1809ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்து, 12 வயதில் மணமுடித்து ஃபரீத்பூர்ப் பகுதியில் இருந்த புகுந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிறந்த வீட்டில் சிறுவர்களுக்காக ஐரோப்பியப் பெண்மணி ஒருவர் நடத்திய பள்ளியில், மற்ற வேலை எதுவும் இன்றி ஓரமாக உட்கார்ந்திருந்த அச்சிறுமி, தரையில் எழுதப்பட்ட எழுத்துகளையும் சிறுவர்கள் ஓதிய ஒலிகளையும் யாருக்கும் தெரியாமல் மனத்தில் வாங்கிக்கொண்டதோடு அவருடைய பள்ளிப்படிப்பு முடிந்தது. பெண் படித்தால் கைம்பெண் ஆவாள் என்று பரவலாக நம்பப்பட்ட காலம் அது. கொல்கத்தாவில் பெத்தூன் பெண்கள் பள்ளி 1849இல் திறக்கப்பட்டபோது ராஸசுந்தரி நாற்பது வயதை எட்டியிருந்தார். நகரத்துச் சீர்திருத்த இயக்கங்களில் எதுவும் அவருடைய சமையலறை வரை வந்து சேரவில்லை.

அவரைப் படிக்கத் தூண்டியது சீர்திருத்தம் அன்று, பக்திதான். வைணவ அடியாரான சைதன்யரின் வரலாற்றைக் கூறும் ‘சைதன்ய பாகவதம்’ என்ற நூலைத் தாம் படித்துக்கொண்டிருப்பதாக ஒரு கனவு கண்டார்; அந்நூல் வீட்டில் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது. அதையடுத்துக் கணவர் தம் மூத்த மகனிடம் அந்தச் சுவடியைப் பற்றிப் பேசியது காதில் விழவே, அது எது என்று கண்டுகொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் அதிலிருந்து ஓர் ஏட்டை உருவி எடுத்து விறகுக் குவியலில் மறைத்து வைத்தார். எட்டு வயதான அம்மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் அவ்வாறே எடுத்துக்கொண்டார். சமைக்கும்போது இடக்கையில் ஏட்டை ஒளித்துப் பிடித்து, முக்காட்டின் அடியிலிருந்து அதைப் பார்ப்பார். மகனின் ஓலையில் இருந்த எழுத்தை ஏட்டின் எழுத்தோடு பொருத்தி, சிறுவயதில் கேட்டுப் பதிந்த ஒலியை அதனோடு சேர்த்து, மக்கள் பேசும் சொற்களில் அந்த ஒலி வருகிறதா என்று தேடுவார். ஆசிரியர் இல்லாத நிலையில், ஓலை, ஏடு, நினைவு, செவி என்ற நான்கை மட்டுமே கொண்டு 25 வயதுக்குப் பின் ஒருவர் தமக்குத் தாமே அரிச்சுவடி அமைத்துக்கொண்ட இந்த முறை, எழுத்தறிவின் வரலாற்றில் வியந்து போற்றத்தக்க அறிவுச் செயல்களில் ஒன்று. தட்டுத் தடுமாறி அந்நூலைப் படிக்கும் நிலையை அவர் நெடுநாள் முயற்சிக்குப் பின் அடைந்தார். பின்னாளில் அதை அறிந்த கணவரின் சகோதரிகள், அவர் அஞ்சியதற்கு மாறாக, மகிழ்ச்சியே அடைந்தனர்.

ஆனால் படிக்கத் தெரிந்ததால் எழுதத் தெரிந்துவிடவில்லை. ஒற்றை ஏட்டை விறகில் ஒளிக்கலாம், அடுப்பைப் பார்த்துக்கொண்டே அதையும் பார்க்கலாம். எழுதுவதற்கோ தாள், இறகு, மை, மைக்கூடு ஆகியன வேண்டும், அவற்றைப் பரப்பி ஓரிடத்தில் உட்கார வேண்டும், இரு கையும் வேறு வேலையற்று இருக்க வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர்களிற் பலரைப் பறிகொடுத்து, பெருங்குடும்பத்துக்கு இரு வேளையும் சமைத்த ஒரு பெண்ணுக்கு இவற்றுள் கடைசியாகச் சொன்னதுதான் கிடைக்காத பொருளாக இருந்தது. கொல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்த மகன் கிசோரிலால், தம் கடிதங்களுக்குத் தாய் ஏன் பதில் எழுதுவதில்லை என்று கேட்டு, எழுதுபொருள்களை அவரே வாங்கிவந்து தந்த பின்னும் வேலைகளுக்கிடையே எழுத்து கைவரவில்லை. கணவரின் கண் மருத்துவத்துக்காக வீட்டை விட்டு வெளியூரில் ஒரு மகனோடு தங்க நேர்ந்து, வீட்டு வேலை குறைந்த பிறகே அவர் எழுதக் கற்றார். படித்ததற்கும் எழுதியதற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி ஏற்பட்டதற்கு அறிவுக் குறை காரணமன்று, ஓய்வு மறுக்கப்பட்டதே காரணம்.

அந்த எழுத்திலிருந்து பிறந்ததுதான் வங்க மொழியின் முதல் முழுமையான தன்வரலாறு எனக் கொள்ளப்படும் ‘அமார் ஜீபன்’, அதாவது ‘என் வாழ்க்கை’. கைம்பெண்ணான பிறகு எழுதி வெளியிட்ட அந்நூலை, 88ஆம் வயதில் இரண்டாம் பகுதி ஒன்றைச் சேர்த்து அவரே விரிவாக்கினார். குடும்பத்தாருக்கும் விருந்தினருக்கும் பரிமாறிவிட்டுத் தாம் உண்ண உட்காரும்போதெல்லாம் ஏதேனும் ஒரு தடை வந்து, இரண்டு நாள் வரை உணவே இல்லாமல் போனதையும், அதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை என்பதையும் அதில் அவர் பதிந்துள்ளார். கணவரின் குதிரையின் முன் வெளிப்படுவதற்குக்கூடக் கூசி ஒதுங்கியதையும், பின்னர் அந்த அச்சத்தின் பொருளின்மையைத் தாமே உணர்ந்ததையும், இறக்கும் தறுவாயில் இருந்த தாயைப் போய்ப் பார்க்க விடப்படாத துயரத்தையும் அவர் மறைக்கவில்லை. குடும்பக் கணக்கிலோ அரசு ஆவணத்திலோ ஒரு பெண்ணின் பசிக்கு இடமில்லை. அவளே எழுதியதால் மட்டும்தான் அது வரலாற்றுக்குள் வந்தது. எழுத்தின் தனிமனிதப் பயன் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், நேர்ந்தவை வெறும் விதியாகக் கழிந்துவிடாமல், அவற்றை வரிசைப்படுத்தி, எது அநீதி என்று பெயரிட்டு எழுதியவரே தீர்ப்புச் சொல்ல முடிகிறது என்பதைத்தான் முதலிற் சுட்ட வேண்டும்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 7 வயதுக்குக் குறையாத ஒருவர் ஏதேனும் ஒரு மொழியைப் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் வல்லவராயின் அவரை எழுத்தறிவு பெற்றவராகக் கொள்கிறது. படிக்க மட்டும் தெரிந்தவரை அவ்வாறு கொள்வதில்லை. அந்த அளவுகோலின்படி, சைதன்ய பாகவதத்தைப் படித்துக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும் ராஸசுந்தரி எழுத்தறிவற்றவர். நாளிதழை எழுத்துக்கூட்டியேனும் படித்துவிட்டு, கையொப்பத்துக்கு மேல் ஒரு வரியும் எழுதிப் பழகாத பாட்டியோ அத்தையோ இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு குறிப்பேட்டையும் பேனாவையும் வாங்கித் தருவது எளிது. யாரும் குறுக்கிடாத ஒரு மணி நேரத்தையும் அத்துடன் நாள்தோறும் ஒதுக்கித் தர வீட்டில் உள்ளவர்கள் முன்வர வேண்டும்.