அப்பா பட்டறைக்கு ரோபோ கை: உங்க பெர்சனல் லோன்ல வாங்கலாமா?

நீங்க சென்னையிலயோ பெங்களூருலயோ வேலையில இருக்கீங்க. அப்பா கோயம்புத்தூர் கணபதியில ரெண்டு சிஎன்சி லேத் வச்சு ஜாப் ஒர்க் பண்றார்னு வச்சுக்கோங்க. ஒரு ஞாயித்துக்கிழமை போன் வருது. "ஆளே கிடைக்க மாட்டேங்குது கண்ணு. மெஷின்ல பீஸ் மாட்டி எடுக்க ரோபோ கை வந்திருக்காம். பேங்க்ல என்னால அலைய முடியாது. உன் சம்பளத்துக்கு பெர்சனல் லோன் உடனே கிடைக்கும்ல?"

பாசத்துல "சரிப்பா"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துடுங்க.

கோபாட்னா என்ன?

பெரிய தொழிற்சாலை ரோபோக்களை வேலிக்குள்ளதான் ஓட்டுவாங்க. கோபாட் அப்படி இல்ல, ஆளுங்க பக்கத்துல நின்னு வேலை செய்யறதுக்காக வந்தது. யார் மேலயாவது மோதினா, அந்த அழுத்தத்தை உணர்ந்து நின்னுடும். டென்மார்க்கைச் சேர்ந்த யுனிவர்சல் ரோபோட்ஸ் 2008-ல தன்னோட முதல் கோபாட்டை வித்தது. சின்ன பட்டறைக்கு இது பிடிச்சுப்போகக் காரணம், புரோகிராமர் இல்லாமயே வேலை சொல்லிக் கொடுக்கலாம். கையைப் பிடிச்சு நகர்த்தி "இங்க எடு, அங்க வை"ன்னு காட்டி, ஒரு திரையில சேவ் பண்ணணும், அவ்வளவுதான்.

அதுக்காக எல்லா இடத்துலயும் பாதுகாப்பானதுன்னு அர்த்தம் இல்ல. கை மெதுவா மோதினாலும், அது பிடிச்சிருக்கற பீஸ் கூரா இருந்தா கிழிக்கும். எங்க, எப்படி ஓட்டப் போறோம்னு பார்த்து ஆபத்தை மதிப்பிட்ட பிறகுதான் வேலி வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்.

கொட்டேஷன்ல எதைப் பார்க்கணும்?

கோபாட் விலைன்னு முதல்ல சொல்றது பல சமயம் வெறும் கைக்குத்தான். பீஸைப் பிடிக்கற விரல், அதாவது கிரிப்பர், தனிச் செலவு. ரெண்டு விரல் கிரிப்பர், காத்துல உறிஞ்சிப் பிடிக்கறது, காந்தத்துல பிடிக்கறதுன்னு பல வகை இருக்கு. உருண்டையான பீஸுக்கு ஒண்ணு, தகடுக்கு வேற ஒண்ணு.

எடையும் கவனிக்கணும். 5 கிலோ தூக்கும்னு சொன்னா, அதுல கிரிப்பரோட எடையும் சேர்த்தி. கிரிப்பர் 1 கிலோன்னா பீஸுக்கு மிஞ்சறது 4 கிலோ.

இதுக்கு மேல லேத் கதவு தானா திறக்க ஏற்பாடு, பீஸ் அடுக்க ட்ரே, சக்குல சிக்கற இரும்புச் சுருளை ஊதித் தள்ள காத்து, லேத்தோட இணைப்பு, ட்ரெயினிங். எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

இப்போ கணக்கு

இதெல்லாம் உதாரண நம்பர்கள். உங்க கொட்டேஷனை வச்சு மாத்திப் போட்டுக்கோங்க.

கை 16 லட்சம், கிரிப்பர் 3.5 லட்சம், மத்ததெல்லாம் 4.5 லட்சம். மொத்தம் 24 லட்சம். 18% ஜிஎஸ்டி 4.32 லட்சம் தனி. அப்பா ரெகுலர் ஜிஎஸ்டியில இருந்து, பில்லும் பட்டறை பேர்ல இருந்தா, அது இன்புட் கிரெடிட்டா அவர் கட்ட வேண்டிய வரியில கழியும். காம்போசிஷன்ல இருந்தா கழியாது.

வரவு பக்கம்: ஒரே ஆள் ரெண்டு மெஷினையும் பார்த்துக்கிட்டா, இன்னொரு ஆளோட சம்பளம் மாசம் 22,000 மிச்சம். சாப்பாட்டு நேரத்துலயும் ஷிப்ட் முடிஞ்ச பிறகும் மெஷின் ஓடி, நாளுக்கு 4 மணி நேரம் கூடுதுன்னா, 25 நாளுக்கு 100 மணி நேரம். டூல், கரண்ட் செலவு போக மணிக்கு 400 நின்னா 40,000. பராமரிப்புக்கு 7,000 கழிச்சா, மாசம் 55,000 கையில நிக்கும்.

24 லட்சத்தை 55,000-ஆல வகுத்தா, வட்டி இல்லாமயே கிட்டத்தட்ட 44 மாசம். 11% வட்டியில 5 வருஷக் கடன்னா இஎம்ஐ சுமார் 52,200. மயிரிழையில தாங்கும்.

ஆனா அந்த 100 மணி நேரத்துக்கு ஆர்டர் இல்லன்னா? 40,000 காணாம போயிடும். மிஞ்சறது 15,000. மாசாமாசம் 37,200 துண்டு விழும். ஆள் சம்பளத்தை மட்டும் நம்பி வாங்கினா போட்ட பணம் திரும்ப 13 வருஷத்துக்கு மேல ஆகும்.

அதனால அப்பாகிட்ட "ஆள் கிடைக்கலையா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "கூடுதல் நேரத்துக்கு ஆர்டர் இருக்கா? ஒரே மாதிரி பீஸ் ஆயிரக்கணக்குல வருதா, இல்ல தினமும் மாறுதா?"ன்னு கேளுங்க. தினமும் 50 பீஸ்ல வேலை மாறினா, கிரிப்பர் விரலையும் ட்ரேயையும் மாத்தறதுலயே நேரம் போயிடும்.

கடன் யார் பேர்ல?

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. அதே 24 லட்சம் உங்க பேர்ல 14% பெர்சனல் லோன்னா இஎம்ஐ சுமார் 55,800. அந்த வட்டியை உங்க சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. மெஷினுக்கான 15% தேய்மானம் அப்பாவோட கணக்குல வரும், உங்க ரிட்டர்ன்ல வராது. நாளைக்கு நீங்க வீட்டுக்கடன் கேட்டா, பேங்க் முதல்ல இந்த இஎம்ஐயைத்தான் கழிச்சுப் பார்க்கும். ரோபோ அப்பாவோடது, சுமை மட்டும் உங்களோடது.

பட்டறை பிரைவேட் லிமிடெட்னா இன்னொரு சிக்கலும் இருக்கு. டைரக்டரோட மகனோ மகளோ கம்பெனிக்குக் கடன் கொடுத்தா, "இது கடன் வாங்கின பணம் இல்ல"ன்னு எழுதிக் கொடுக்கணும். பெர்சனல் லோன் எடுத்துட்டு அப்படி எழுத முடியாது.

அப்போ என்ன பண்ணலாம்?

1. கடன் பட்டறை பேர்லயே இருக்கட்டும். உத்யம் பதிவு இருந்தா, சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டத்துல அடமானம் இல்லாத கடன் கிடைக்குமான்னு பேங்க்ல கேளுங்க. அலையறதுதான் அப்பாவுக்குக் கஷ்டம்னா, ரெண்டு நாள் லீவு போட்டு நீங்க கூடப் போங்க. 55,800 இஎம்ஐயை விட அந்த லீவு சீப்.

2. விக்கறவங்ககிட்ட நம்ம பீஸைக் கொடுத்து, ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஒரு பீஸுக்கு எத்தனை செகண்ட்னு எழுதி வாங்குங்க.

3. பேங்க் முழுத் தொகையும் தராது. நம்ம பங்குப் பணத்துக்கு உதவணும்னா, சேமிப்புல இருந்து, போனா தாங்கற அளவுக்கு மட்டும் கொடுங்க. அவசர நிதியைத் தொடாதீங்க. அப்பா தனி உரிமையாளரா இருந்தா, பிள்ளை கொடுக்கற அன்பளிப்புக்கு அவருக்கு வரி இல்ல. கடனா கொடுத்தா பேங்க் வழியா மட்டும் கொடுத்து, ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. 20,000-ஓ அதுக்கு மேலயோ ரொக்கமா கடன் கைமாறக் கூடாது.

அப்பாகிட்ட "முடியாது"ன்னு சொல்ல வேண்டியதில்ல. "ஆர்டர் புக்கை எடுத்து வைங்கப்பா, சனிக்கிழமை வரேன், சேர்ந்து உக்காந்து பார்க்கலாம்"னு சொல்லுங்க. கணக்கு ஒத்து வந்தா, அந்த ரோபோ தன்னோட இஎம்ஐயைத் தானே கட்டிக்கும். ஒத்து வரலன்னா, அது உங்க சம்பளத்துலதான் ஓடும்.