வெள்ளத்துக்குப் பிறகு குடிதண்ணீர்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஓடுகிறது மருதையாறு. 1956 நவம்பர் 23-ந்தேதி அதன் வெள்ளம் அரியலூர் அருகே ரெயில் பாலத்தையே உடைத்தது. ரெயில் கவிழ்ந்து 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பாலத்தை உடைக்கும் வெள்ளம் கிணற்றை விடுமா? சாக்கடை கலந்துவிடும். மின்சாரம் போனால் குழாயிலும் தண்ணீர் வராது. அப்போது என்ன செய்வது?

கலங்கல் நீரை மடித்த துணியில் வடிகட்டுங்கள். பானையின் உட்புறம் தேற்றான் கொட்டையை உரைத்து, நீரை ஊற்றி வையுங்கள். மண் அடியில் படியும்.

தெளிந்துவிட்டதே என்று குடித்துவிடாதீர்கள்! காலரா, டைபாய்டு கிருமி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் 1 நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். ஆறியதும் மூடி வையுங்கள்.

கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, சுகாதார ஊழியர் சரி என்ற பிறகே குடியுங்கள்.

அடுப்புச் செலவு பெரிதா? குழந்தையின் உயிர் பெரிதா?