குளஸ்டர்எஃப்எஸ்

குளஸ்டர்எஃப்எஸ் என்பது பல வழங்கிகளில் உள்ள வன்தட்டுகளை வலையமைப்பின் வழியே ஒன்றிணைத்து, ஒரே சேமிப்பகமாகப் பயன்படுத்த உதவும் கோப்பு முறைமை ஆகும். இது லினக்சு இயங்குதளத்தில் செயற்படும் கட்டற்ற மென்பொருள். குனூ, கிளஸ்டர் (கணினிக் கொத்து) ஆகிய இரு சொற்களின் இணைப்பே இதன் பெயர்.

வரலாறு

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி இதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். அவர் முன்னர் பணியாற்றிய கலிபோர்னியா டிஜிட்டல் நிறுவனம் அமைத்த தண்டர் மீக்கணினி, 2004 சூன் மாத உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் பெற்றது. 2005 இல் குளஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2011 அக்டோபரில் ரெட் ஹாட் நிறுவனம் அதனை ஏறத்தாழ 13.6 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ரெட் ஹாட்டின் வணிகப் பதிப்பிற்கான ஆதரவு 2024 இறுதியில் முடிவுற்றது. மூலநிரல் எவருக்கும் கிடைக்கிறது.

அமைப்பு

வழங்கி ஒவ்வொன்றிலும் சேமிப்பிற்கென ஒதுக்கப்படும் அடைவு ‘பிரிக்’ (செங்கல்) எனப்படும். பல செங்கற்கள் சேர்ந்தது ஒரு தொகுதி. பயனருக்குத் தொகுதி மட்டுமே தெரியும்.

எக்கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்பதைக் குறித்துவைக்கும் தனி வழங்கி இதில் இல்லை. கோப்பின் பெயரிலிருந்து ஓர் எண் கணிக்கப்பட்டு, அவ்வெண்ணைக் கொண்டு உரிய செங்கல் அறியப்படுகிறது. ஆகவே, ஒரு வழங்கி பழுதடைந்ததால் முழுக் கொத்தும் முடங்கும் நிலை தவிர்க்கப்படுகிறது.

தொகுதி வகைகள்

* பகிர்ந்த தொகுதி: கோப்புகள் செங்கற்களிடையே பிரித்து வைக்கப்படும். 2 டெராபைட்டு கொண்ட மூன்று செங்கற்கள் 6 டெராபைட்டு இடம் தரும். ஒன்று அழிந்தால் அதிலுள்ள கோப்புகளும் அழியும்.
* படியெடுத்த தொகுதி: ஒவ்வொரு கோப்பும் எல்லாச் செங்கற்களிலும் இருக்கும். மேற்கூறிய மூன்றும் 2 டெராபைட்டு மட்டுமே தரும்.
* சிதறிய தொகுதி: கோப்பு துண்டுகளாக்கப்பட்டு, மீட்புத் தகவலுடன் சேமிக்கப்படும். ஆறு செங்கற்களில் இரண்டின் அளவை மீட்பிற்கு ஒதுக்கினால், எவ்விரண்டு இழக்கப்பட்டாலும் தரவு மீளும்.

பிளவுநிலை

இரு படிகள் மட்டும் உள்ள தொகுதியில் வழங்கிகளுக்கிடையே இணைப்பு அறுந்தால், ஒரே கோப்பு இரு பக்கமும் வெவ்வேறாக மாற்றப்படக்கூடும். இணைப்பு மீண்டபின் எப்படி சரியானது என மென்பொருளால் முடிவுசெய்ய இயலாது. கோப்பைத் திறக்க முயன்றால் பிழை காட்டும். இதனைத் தவிர்க்க மூன்றாவது படி அல்லது ‘நடுவர்’ செங்கல் சேர்க்கப்படுகிறது. நடுவர், கோப்பின் பெயரையும் விவரங்களையும் மட்டுமே வைத்திருப்பதால் குறைந்த இடமே போதும். பெரும்பான்மைச் செங்கற்கள் தொடர்பிலிருந்தால் மட்டுமே எழுத்து அனுமதிக்கப்படும்.

படியெடுத்தல் காப்புப்பிரதிக்கு மாற்றாகாது. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு எல்லாப் படிகளிலிருந்தும் உடனே நீங்கிவிடும்.